பரோட்டாக் கடைக்கு எதிர்ப்பக்கம்

முட்டாள் கதைகளில் வருகிறவர்கள் எப்போதும் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். இந்தக் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இதில் நானும் ஒருவன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தென்காசி ரோட்டுப் பரோட்டாக் கடையில் நாங்கள் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்காருவோம்: நான், சொரிமுத்து, தவசிக்கனி, அணஞ்சபெருமாள். சாப்பிட்டு முடித்தால் அணஞ்சபெருமாளுக்கு மட்டும் வயிறு உப்பும், பேதியாகும். ஆளும் இளைத்துக்கொண்டே வந்தான். டாக்டர் கோமதியம்மாள் சோதித்துப் பார்த்து, அது சீலியாக் என்ற நோய் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவன் குடலுக்கு ஆகாதாம்.

"இதைப் போக்க மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை எதையும் ஆயுசுக்கும் சாப்பிடக்கூடாது. பரோட்டா உங்க பக்கமே வரக்கூடாது" என்றார்.

நாங்கள் டாக்டர் சொல்லைத் தட்டாதவர்கள். அடுத்த சனிக்கிழமை பரோட்டா எங்கள் பக்கம் இருந்தது. ஆகவே அணஞ்சபெருமாளை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். அவன் கையில் இடியாப்பப் பொட்டலம். பேச்சு விட்டுப்போகக் கூடாதே என்று கத்திக் கத்திப் பேசினோம். லாரி வந்தால் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

"என்னவே சிரிக்கிய?" என்று அவன் அங்கிருந்து கேட்பான். ஜோக்கை மறுபடி கத்துவோம். அதற்குள் பஸ் வந்துவிடும்.

சில வாரம் கழித்து அவன் சொன்னான்: "பரோட்டாகூட வேண்டாம்வே. உங்களோட ஒரே மேசையில உக்காரணும். அவ்வளவுதான்."

அவனை எப்படியாவது குணமாக்கிவிடுவது என்று முடிவு செய்தோம். சொரிமுத்து செல்போனைத் துழாவி ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தான். அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஒரு கஷாயப் பாட்டிலைக் காட்டி, "இதைக் குடித்தால் சீலியாக் அடியோடு போய்விடும். அப்புறம் கோதுமை உங்களை ஒன்றும் செய்யாது. எந்த டாக்டரும் இதை உங்களுக்குச் சொல்லவே மாட்டார்" என்றார்.

தவசிக்கனி எதையும் லேசில் நம்பமாட்டான். "ஏல, செல்போன்ல வர்றதை அப்படியே நம்பிரக் கூடாது. விசாரிச்சுப் பாக்கணும்" என்றான்.

விசாரிக்கப் போனோம்.

"டாக்டரம்மா, இந்தக் கஷாயம் குடிச்சா நோய் போயிரும்னு நீங்க எங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"நான் எதுக்குய்யா அப்படிச் சொல்லப் போறேன்? சொல்லவே மாட்டேன்."

தவசிக்கனி என்னைப் பார்த்துத் தலையசைத்தான். வீடியோக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

கஷாயம் பார்சலில் வந்தது. பாட்டில் மேல், 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்' என்று போட்டிருந்தது.

"அப்போ ஒரே ஆளை வச்சு முடிவு பண்ணக் கூடாது" என்றேன் நான்.

"முதல்ல அணஞ்சிக்குக் குடுப்போமா?" என்றான் சொரிமுத்து.

"சீக்காளி மேல போயா சோதனை பண்ணுவாங்க? பாவம்ல" என்றான் தவசிக்கனி.

ஆகவே நோயே இல்லாத நாங்கள் மூவரும் குடித்தோம். பிறகு பரோட்டா சாப்பிட்டோம். கோதுமை எங்களை ஒன்றும் செய்யவில்லை. மூன்று பேருக்கும் பூரண குணம். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று பாட்டில் காலியாகும்வரை சோதித்தோம். அணஞ்சபெருமாளுக்கு ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

மறுநாள் மூன்று பேருக்கும் வயிறு உப்பிப் பேதியானது. கஞ்சியைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்த அணஞ்சபெருமாளோ கன்னத்தில் சதை போட்டு, வயிறு ஒட்டி, ஜம்மென்று இருந்தான். இத்தனை வாரமும் இடியாப்பம்தானே தின்றான். அது எங்களுக்குத் தோன்றவில்லை.

"குடிச்சது நாம. குணமானது இவன். எப்படில?" என்றேன்.

சொரிமுத்துதான் அதைக் கண்டுபிடித்தான். "நோய் போயிரும்னுதான் அவரு சொன்னாரு. எங்க போகும்னு சொல்லலையே. நம்மகிட்ட வந்திருக்கு."

அணஞ்சபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூவரும் கஞ்சித் தூக்குகளோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தோம். "நீ குணமானவன். போய் ஆசை தீரத் தின்னுட்டு வா" என்று அவனை அனுப்பினோம். பாதி ரோட்டில் அவன் திரும்பினான்.

"நீங்க வரலையா?"

"பரோட்டா எங்க பக்கம் வரக்கூடாதுவே. நீ தின்னா இனிமே அந்தப் பக்கம்தான்."

"தனியாவா?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அணஞ்சபெருமாள் கடையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"அப்போ எனக்கு எதுக்குவே பரோட்டா? கஞ்சியை ஊத்து."

கடைக்காரரிடம் கேட்டு எங்கள் மேசையை ரோட்டைத் தாண்டித் தூக்கி வந்தோம். இப்போது நான்கு பேரும் ஒரே மேசை.

நாலு பேருக்கு உதவட்டும் என்று நாங்களும் ஒரு வீடியோ போட்டோம். வெள்ளைக் கோட்டு கிடைக்காததால் சொரிமுத்து வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு பேசினான்:

"சீலியாக் உள்ளவர் கஷாயத்தைத் தொடவே கூடாது. கோதுமையையும் தொடாமல் சும்மா இருக்க வேண்டும். கஷாயத்தை அவருடைய நண்பர்கள் மூன்று பேர் குடிக்க வேண்டும். எந்த டாக்டரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். நாங்கள் நேரில் போய்க் கேட்டே பார்த்துவிட்டோம்."