பதநீரில் சரிபாதி

தேரிக்காட்டில் அன்று அடித்த வெயிலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஓணான்கள் ஒன்றின் நிழலில் ஒன்றாக வரிசை கட்டி நின்றன; முன்னால் நின்ற ஓணான்தான் பாவம். அந்தச் செம்மணலில் சுயம்புச் சாமியும் அவருடைய சீடர் தாணுலிங்கமும் நடந்துகொண்டிருந்தார்கள். சீடருக்குக் குருவைவிட வயது கூடுதல்.

"சாமி, கணக்கெல்லாம் படிச்சு முடிச்சாச்சு. உத்தரவு கொடுத்தா ஊருக்குப் போய் நானும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பேன்."

"கூம்புக்குக் கொள்ளளவு என்ன வே?"

"வாய்ப்பரப்பை உயரத்தால பெருக்கி, மூணுல ஒரு பங்கு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"தூக்கத்துல உம்மை எழுப்பி நான் ஏன் கேக்கப்போறேன்?"

எதிரே பனையேறி தவசிமுத்து வந்தார். கலயத்தில் மிச்சமிருந்த பதநீரை, கூம்பாக மடித்த பனையோலையில் விளிம்புவரை ஊற்றி நீட்டினார்.

"இவ்வளவுதான் சாமி. இனி நாளைக்குத்தான்."

இருவருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கணக்குப் புலி, நீரே சரிபாதியாப் பிரிச்சுக் கொடும்," என்றார் குரு.

தாணுலிங்கம் ஓலையின் உயரத்தை விரலால் அளந்தார். சரியாக நடுவில் நகத்தால் ஒரு கோடு கீறினார். "கோட்டுக்கு மேல உங்களுக்கு, கீழ எனக்கு. குரு குடிச்ச பிறகுதானே சீடன் குடிக்கணும்!"

குரு குடித்தார். அவர் குடித்த சத்தத்தில் மழை வருகிறதென்று காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. பதநீர் கோட்டுக்கு இறங்கியதும் நேர்மையாக நிறுத்தி, ஓலையை நீட்டினார்.

சீடர் அண்ணாந்தார். ஒரு மடக்கு. அடுத்த மடக்குக்கு ஓலையைத் தட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"என்ன சாமி இது! எட்டுல ஏழு பங்கு உங்க வயித்துக்குப் போயிட்டே!"

"கோடு கிழிச்சது யாரு வே?"

தவசிமுத்து சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் சூடு தாங்காமல் எழுந்தார்.

தாணுலிங்கம் ஓலையின் அடிநுனிக்குள் விரலை விட்டார். கீழே போகப் போகக் கூம்பு குறுகியதில் ஒற்றை விரலே பாதியில் சிக்கியது. மெல்ல அவருக்கும் சிரிப்பு வந்தது.

"அப்போ எனக்கு உத்தரவு கிடையாதா, சாமி?"

குரு நிறைவாக ஏப்பம் விட்டார்.

"தாராளமாப் போயிட்டு வாரும். இதுவரைக்கும் சூத்திரம் உம்ம நாக்குல இருந்தது. இப்பத்தான் தொண்டைக்கு இறங்கியிருக்கு."