அப்பன் பிடிக்காத கயிறு

கஸ்பார் வேதம் கேட்க வந்தாலும் பேரம் பேசாமல் போகமாட்டார். தலையில் ஒரு கூடை சாளை மீனோடு தொடங்கி, உதை வாங்கி, உதை கொடுத்து, கடைசியில் அந்தக் கரையின் மீன் ஏலத்தையே தன் தொண்டைக்குள் வைத்திருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த எதையும் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டதும் கிடையாது. அது மீனானாலும் சரி, வேத வசனமானாலும் சரி.

அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் முனைக்கோயில் உபதேசியார் எஸ்தாக்கி. வயதில் கஸ்பாருக்கு இளையவர். ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். ஒருநாள் முனையை ஒட்டிய பள்ளத்தில் முங்கிவிட்டு ஏறி வந்தவர், இனி கடலில் தொழில் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பள்ளத்தில்தான் பழைய கோயிலைக் கடல் விழுங்கியிருந்தது. கீழே என்ன பார்த்தீர் என்று ஊர் கேட்டதற்கு, "பாக்கல. மணி அடிச்சுது" என்றார். அதோடு முனைக்கே குடிவந்துவிட்டார். வள்ளக்காரர்கள் அந்தப் பக்கம் நங்கூரம் போடுவதில்லை.

அன்று சாயங்காலம் கஸ்பார் வந்த வேகத்தில், கோயில் படியில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகன் தஸ்நேவிஸ் சங்கு குளிக்கிறவன். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவான்; மேலே வள்ளத்தில் இருப்பவன் மறுமுனையைப் பிடித்திருப்பான். கீழேயிருந்து சுண்டினால் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பது வழக்கம். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதென்ற கவலை இருப்பவனுக்குக் கண் அசராது என்பது கணக்கு. அப்பன் மட்டும் பிடிக்கக் கூடாது. அப்பன் கை பயந்த கை. முன்பு ஒருமுறை சூசை என்று ஒருவர், மகன் சுண்டுவதற்கு முன்னாலேயே மனசு கேளாமல் இழுத்துவிட்டார். அந்த நேரம் பையன் பாறைக்கு அடியில் தலையை விட்டிருந்தான். மகன் மேலே வந்தான். உயிர் வரவில்லை.

இப்போது தஸ்நேவிஸின் மச்சான் கை முறிந்து கட்டுப்போட்டுக் கிடக்கிறான். விடிந்தால் வள்ளம் இறங்க வேண்டும். மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி மகன் சொல்லிவிட்டான், நீர் வந்து பிடியும், இல்லையென்றால் கூலிக்கு ஒருத்தன் பிடிப்பான் என்று. கஸ்பார் சோற்றுக் கும்பாவைத் தட்டிவிட்டார். கடலுக்கே போகாதே என்று குதித்தார். மகன் சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டே, "ஊர் மீனையெல்லாம் வாயால பிடிக்கிறீரு. ஒரு கயித்தக் கையால பிடிக்க மாட்டீராக்கும்" என்றான்.

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்திருக்க, முனைக்கு வந்து நின்றார்.

"நீரு சொன்னாக் கேப்பான். போகாதன்னு சொல்லும்" என்றார்.

உபதேசியார் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

"சொல்ல முடியாதுன்னா எனக்கு ஒரு பதில் சொல்லும். பிதாவும் சுதனும் ஒன்னுன்னு இத்தன காலமா ஓதுறீரு. சரி, ஒன்னுன்னே வச்சுக்குவோம். பங்காளின்னா நட்டத்துலயும் பங்கு வேணுமா வேண்டாமா? மகனுக்குக் கையில ஆணி, கால்ல ஆணி, விலாவுல குத்து. ஏன் விட்டுட்டீருன்னு கத்துறான். அப்பன் மேல இருந்து பாக்காரு. அவருக்கு எங்க காயம்? ஒரு கீறல் காட்டும், நான் ஒத்துக்கிடுதேன். காட்ட முடியலன்னா, அப்படி ஒரு அப்பனா என்னை இருக்கச் சொல்லாதேயும்."

உபதேசியார் திரியை வைத்துவிட்டு எழுந்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய நார்க்கயிற்றை எடுத்தார். அவர் குளித்த காலத்துக் கயிறு. உப்பேறி முள்போல் விறைத்திருந்தது.

"வாரும் அண்ணே" என்றார்.

பள்ளத்தின் மேல் கடல் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடந்தது. பாறையில் இருந்த நண்டுகள் எல்லாம் கரைப்பக்கமாகவே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தண்ணீருக்கு இறங்கவில்லை. கஸ்பாருக்கு அது பிடிக்கவில்லை.

உபதேசியார் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

"சுண்டினா இழுக்கணும். சுண்டாம இழுக்கக் கூடாது. என்ன கேட்டாலும்."

"கேக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு?"

உபதேசியார் ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்தார்.

கயிறு ஓடியது. பள்ளம் ஏழு பாகம், ஏழு ஆள் உயரம் என்பது ஊருக்கே தெரிந்த ஆழம். கயிறு அதைத் தாண்டியும் ஓடியது. யாரோ கீழேயிருந்து உருவுவது போல உள்ளங்கைகளைச் சீவிக்கொண்டு ஓடியது. கடைசி வளையமும் பாறையிலிருந்து குதித்துப் போகும்போது கஸ்பார் இரண்டு காலையும் பாறை இடுக்கில் முட்டுக்கொடுத்து இறுக்கிப் பிடித்தார். கயிறு நின்றது. மறுமுனையில் பாரம் இருந்தது. கல்லின் பாரம் இல்லை அது, மூச்சுவிடுகிற பாரம்.

அப்போது மணி அடித்தது. காதில் கேட்கவில்லை. கயிற்றின் வழியாக ஏறி முழங்கையில் கேட்டது, பல்லில் கேட்டது. பூசைக்கு அழைக்கிற அடி இல்லை. செத்தவருக்கு அடிக்கிற அடி.

அது ஓய்ந்த பிறகு ஒரு குரல் வந்தது.

"யப்பா."

தஸ்நேவிஸின் குரல். சோற்றுக் கும்பாவுக்கு முன்னால் விட்டுவிட்டு வந்த மகனின் குரல். இப்போது வீட்டில் சங்குப் பையைத் தைத்துக்கொண்டிருப்பான். இருந்தாலும் அது அவன்தான். ஏலக்காரன் காது ஆயிரம் சத்தத்தில் ஒரு சத்தத்தைப் பிரிக்கும். இதைப் பிரிக்காதா?

கயிறு சுண்டவில்லை.

கஸ்பார் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கயிற்றோடு பேரம் பேசினார். ஒரு தரம், லேசாக, ஒரு மீன் கொத்துகிற அளவு சுண்டினால் போதும் என்றார். அதுவும் வேண்டாம், நடுங்கினால் போதும் என்றார். என் வள்ளத்தை எடுத்துக்கொள், வீட்டை எடுத்துக்கொள், எனக்கு முங்கத் தெரியாது, இருந்தாலும் நானே இறங்குகிறேன், அவனை மேலே அனுப்பு என்றார். கடல் எந்த விலைக்கும் தலையாட்டவில்லை.

"யப்பா, என்னை விட்டுட்டீரா?"

தோள் இரண்டும் தானாக எழுந்தன. இழுத்திருப்பார். சூசையின் நினைவு வந்தது. சாகும்வரை அந்த மனிதர் எதையும் இறுக்கிப் பிடிக்காமல், தண்ணீர்ச் செம்பைக்கூட இரண்டு விரலால் தூக்கிக் குடித்ததைக் கஸ்பார் கண்ணால் பார்த்திருக்கிறார். மகன் கூப்பிடுகிறான், ஆனால் சுண்டவில்லை. கீழே அவன் எந்தப் பாறைக்கு அடியில் தலை வைத்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்?

உதட்டைக் கடித்தார். வாய்க்குள் உப்புக் கரித்தது. இழுக்கவில்லை. விடவும் இல்லை. விரல்களுக்கு இடையிலிருந்து கயிற்றின் வழியே சிவப்பாக ஏதோ கீழ்நோக்கி இறங்கியது. அது தண்ணீரைத் தொட்ட இடத்தில் கடல் ஒரு தரம் சுழித்து அடங்கியது.

வெயில் போய்விட்டது. குரலும் நின்றுவிட்டது. குரல் இருந்ததைவிட அது இல்லாததுதான் பெரிய பாரமாக இருந்தது.

"அண்ணே."

பின்னாலிருந்து கூப்பிட்டது உபதேசியார். தலை துவட்டி, வேட்டி மாற்றி, கோயில் விளக்கையும் ஏற்றிவிட்டு வந்து நின்றார். இடுப்பில் கயிறு இல்லை.

கஸ்பார் திரும்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். அது விறைப்பாகவே இருந்தது. பாரம் அப்படியே இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

"நீரு எப்ப ஏறினீரு?"

"நேரமாச்சு. கயித்த அவுத்துட்டு அந்தப் பக்கமா ஏறி வந்துட்டேன்."

"எதுலயாவது கட்டிட்டா வந்தீரு?"

"இல்ல. சும்மா விட்டுட்டு வந்தேன்."

கஸ்பார் பிடியை இறுக்கினார். "அப்போ இதுல இருக்கிறது யாரு?"

உபதேசியார் பாறையில் அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"யாருன்னு தெரியலல்ல. விட்டுரும்" என்றார் உபதேசியார்.

"மாட்டேன்."

"பிசாசா இருந்தா?"

"இருந்துட்டுப் போட்டும். யப்பான்னு கூப்பிட்டுட்டான். இத விட்டுட்டு, காலையில எந்தக் கையால என் மகன் கயித்தப் பிடிப்பேன்?"

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்பது கஸ்பாருக்குத் தெரிந்தது.

முனைக்கோயில் விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து, அசையாமல் நின்றது. நண்டுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்கு இறங்கத் தொடங்கின.

"மகனுக்குக் கையில ஆணி, அப்பனுக்கு எங்க காயம்னு கேட்டீரே" என்றார் உபதேசியார். "உம்ம கைய விரிச்சுக் காட்டும், பாப்போம்."

"விரிச்சா கயிறு போயிருமே."

"ஆமா" என்றார் உபதேசியார்.