இடது பந்தலில் ஒருவர்

பிச்சாண்டியை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். வேழங்காட்டு ராஜா வல்லபர் சபையில், வாயை மட்டுமே முதலாக வைத்துப் பிழைத்த ஆசாமி அவன்.

ராஜாவுக்கு ஒரே மகள், நீலாயதாட்சி. ஐந்து வயது. அவளுக்குப் பாடம் சொல்லித் தந்த பண்டிதர் மகாதேவர் ஒருநாள் ராஜாவிடம் வந்து கையைப் பிசைந்தார்.

"அரசே, இளவரசிக்குப் படிப்பு ஏறாது. முதல் எழுத்தையே இன்னும் தாண்டவில்லை."

"அப்படியா? என்ன செய்யலாம்?"

"மலைக்கோட்டையில் தங்கள் அக்கா இருக்கிறாரே, அவரிடம் அனுப்பிவிடுங்கள். இங்கே நாட்டிலேயே புத்திசாலியான ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வளருங்கள். வெளியே தேட வேண்டும் என்றுகூட இல்லை. என் மகனே..."

அந்த அக்கா சிரித்ததை அவர் வீட்டுக் கண்ணாடிகூடப் பார்த்ததில்லை. மலைக்கோட்டையில் தினமும் கம்பங்கூழ், ராத்திரியில் கொசு. ராணி அழுதாள். ராஜா கேட்கவில்லை. மறுநாளே பல்லக்கு வாசலுக்கு வந்துவிட்டது.

ராஜா பிச்சாண்டியைக் கூப்பிட்டார். "இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் புத்திசாலிப் பிள்ளையைக் கண்டுபிடி. இல்லையென்றால் நீலாவோடு நீயும் பல்லக்கில் ஏறு."

அந்தப் பல்லக்கை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று பிச்சாண்டி தீர்மானித்தான். கூழை நினைத்து மட்டுமல்ல. நீலா என்றால் அவனுக்கு உயிர்.

"சரி அரசே. ஆனால் நான் காட்டும் பிள்ளையை, அது யாருடையதாக இருந்தாலும், இந்த அரண்மனையில்தான் வளர்க்க வேண்டும். வாக்குக் கொடுங்கள்."

"கொடுத்தேன். போ!"

பிச்சாண்டி மைதானத்தில் இரண்டு பந்தல் போட்டான். தண்டோரா போட்டான். 'பிள்ளையின் பெருமையைச் சொல்ல வந்தவர்கள் வலது பந்தலுக்கு! பிள்ளை படுத்தும் பாட்டைச் சொல்லி அழ வந்தவர்கள் இடது பந்தலுக்கு!'

அடேயப்பா! வலது பந்தலில் எள் போட்டால் எள் விழாது. "என் பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சியைப் பார்த்துக் கும்பிட்டான்" என்றார் ஒருவர். "என் மகள் தூக்கத்தில் கணக்குப் போடுகிறாள், விழித்தால்தான் மறந்துவிடுகிறது" என்றாள் ஓர் அம்மா. பண்டிதரின் மகன் ஒரு செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"சபாஷ் தம்பி! அந்தப் பாட்டில் ஒரு யானை வருகிறதே, அது எங்கே போகிறது?" என்று கேட்டான் பிச்சாண்டி.

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா பந்தல் காலைப் பார்த்தார்.

இடது பந்தலில் ஈ காக்கை இல்லை. ஊரார் பார்க்க அங்கே போய் உட்கார யாருக்குத்தான் மனசு வரும்?

சாயங்காலமானது. பெருமை கேட்டுக் கேட்டு ராஜாவுக்குத் தலை கிறுகிறுத்தது.

"அரசே, இங்கே ஒரே புழுக்கம். அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் காற்று வாங்கலாம், வாருங்கள்" என்று பிச்சாண்டி அழைத்துப் போனான். மோர் கொடுத்தான். மெதுவாக வாயைக் கிளறினான். "கேட்கிறேனே என்று கோபிக்காதீர்கள். நீலா அப்படி என்னதான் செய்துவிட்டாள்?"

அவ்வளவுதான். ராஜா பொரிந்து தள்ளினார்.

"என்ன செய்தாளா? 'அ' என்று எழுதச் சொன்னால், 'இதற்கு அ என்று பெயர் வைத்தது யார், அவருக்கு யார் சொன்னார்கள்?' என்கிறாள். அதற்குப் பதில் வராமல் 'ஆ' எழுத மாட்டாளாம்! போன தீபாவளிக்கு அவளைச் சமாளிக்க நான் சொன்ன ஒரு பொய்யை, இந்தத் தீபாவளிக்கு எடுத்து என் முகத்தில் அடிக்கிறாள். கிடக்கட்டும். நாழிகைக் கிண்ணம் தெரியுமா உனக்கு?"

"தண்ணீரில் மிதக்குமே, அடியில் ஓட்டையோடு? மூழ்கினால் ஒரு நாழிகை ஆயிற்று என்று மணி அடிப்பார்கள்."

"அதேதான்! பாடம் சீக்கிரம் முடிய வேண்டுமாம். ராணியின் கொண்டை ஊசியால் அந்த ஓட்டையைக் குத்திப் பெரிதாக்கிவிட்டாள்! கிண்ணம் மளமளவென்று மூழ்க, காவல்காரன் மணியை அடித்துத் தள்ள, பல் துலக்கி வந்து உட்கார்ந்த எனக்கு மத்தியானச் சாப்பாடு! அன்றைக்கு அரண்மனையே வெயில் தாழும் முன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தது! ஐயோ, என்னால் முடியவில்லை, பிச்சாண்டி!"

பிச்சாண்டி சாஷ்டாங்கமாக விழுந்தான். "கண்டுபிடித்துவிட்டேன், அரசே!"

"எதை?"

"புத்திசாலிப் பிள்ளையை! வலது பந்தலில் இருப்பவர்கள் தாங்கள் ஆசைப்படுவதைச் சொன்னார்கள். அழுகிறவர்தான் கண்ணால் பார்த்ததைச் சொல்வார் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன். நாள் முழுக்க இடது பந்தலுக்கு வந்து பிள்ளையைப் பற்றி அழுதவர் ஒரே ஒருவர்தான். மோரைக் குடியுங்கள், அரசே."

ராஜா பந்தலைச் சுற்றிப் பார்த்தார். கையிலிருந்த மோரைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பிலேயே கண் கலங்கிவிட்டது. "ஐந்து வயதுக் குழந்தை ஒரு ராஜ்யத்தின் பொழுதையே ஓட வைத்திருக்கிறாள். நான் அவளைக் கொசுக்கடிக்கு அனுப்பப் பார்த்தேனே!"

நீலாவை அழைத்துவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார்.

"இன்றுமுதல் உனக்குப் புது உத்தியோகம். இவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் நீதான் பதில் சொல்ல வேண்டும்."

"பாக்கியம், அரசே!" என்றான் பிச்சாண்டி, மாலையைத் தடவிக்கொண்டே.

நீலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பிச்சாண்டி மாமா, அப்பா இந்தப் பந்தலுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

பிச்சாண்டி ராஜாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

"அரசே, அந்தப் பல்லக்கு இன்னும் வாசலில்தானே நிற்கிறது?"