நரி முகத்தில் முழித்த ஊர்

அந்தக் காலத்தில் மனிதர்களும் விலங்குகளும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். நரி நேராக ஊருக்குள் வந்து, வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும். சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள், ஆனால் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கொன்றையூர் ஏரிக்கரையின் கீழ்க்கோடியில் ஒரு நரி வளை தோண்டிக் குடியிருந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு விடிகாலை, மேல்கோடி மதகுப் பக்கம் கரை கசிவதை அது பார்த்துவிட்டது. ஊருக்குள் ஓடி முதல் குடிசையின் கதவைப் பிறாண்டியது. ஆடு மேய்க்கும் பூவாயி கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தாள்.

"கரை போகப்போகுது தாயி! பிள்ளையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு!"

அப்படியே வீடு வீடாக எழுப்பியது. எல்லாரும் பாறைமேல் ஏறிய பிறகுதான் ஏரி உடைந்தது. வீடு வாசல் போயிற்று, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"நரி முகத்துல முழிச்சோம், பிழைச்சோம்" என்று ஊரே சொல்லிச் சொல்லி மாய்ந்தது. கதை வாய்க்கு வாய் தாவி அரண்மனைக்குப் போனது. அங்கே வித்தகனார் என்றொரு புலவர். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கமாட்டேன். கதையை ஏட்டில் எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு கவலை வந்தது.

"எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் ராஜா கொட்டாவி விடுவாரே! கரையில் வளை தோண்டியது யார்? நரிதானே?"

நரியே கரையை உடைத்தது, ஊர் ஓடிய நேரத்தில் கோழிகளைத் திருடியது என்று எழுதிவிட்டார். அடேயப்பா, என்ன சுவை! ராஜா கைதட்டினார். படி எடுத்துப் படி எடுத்து அந்த ஏடு நாடு முழுக்கப் போயிற்று.

பல வருடம் கழித்துத்தான் நரியின் காதுக்குச் செய்தி எட்டியது. பதறிப்போய்ப் புலவரிடம் ஓடியது.

"ஐயா, நான் ஒரு கோழியைக்கூடத் தொடவில்லை. என் வளை கீழ்க்கோடி, உடைந்தது மேல்கோடி. மாற்றி எழுதுங்கள்."

புலவரின் முகம் வாடிவிட்டது. "என்னிடம் இருக்கும் ஏட்டை இப்போதே எரிக்கிறேன். ஊர் ஊராகப் போனதை எங்கே தேடுவேன்? படித்தவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டார்களே."

சரி, கொன்றையூருக்காவது நம்மைத் தெரியும் என்று நரி திரும்பி வந்தது. ஊருக்குள் கால் வைத்ததுமே நெற்றியில் ஒரு கல் விழுந்தது. எறிந்தவன் பூவாயியின் மகன் மருதன். அன்று அவள் தூக்கிக்கொண்டு ஓடிய அதே பிள்ளை!

"அடப் பாவி! உன்னைக் காப்பாத்தின முகம்டா அது!" என்று பூவாயி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏட்டுல அப்படி இல்லையேம்மா" என்றான் மருதன், அடுத்த கல்லைத் தேடிக்கொண்டே.

நரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. பூவாயிக்கு அழுகை தாங்கவில்லை. ஏட்டோடு மல்லுக்கட்ட அவளுக்கு எழுத்துத் தெரியாது, வாய் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கு நல்லது நடந்தாலும், "இன்னைக்கு நரி முகத்துலதான் முழிச்சிருக்கே!" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

அன்று முதல்தான் நரி கதையில் திருடன், பேச்சில் அதிர்ஷ்டம். பொழுது சாய்ந்தால் அது ஊருக்கு வெளியே நின்று ஊளையிடுவதும் அன்று முதல்தான். "மேல்கோடி, மேல்கோடி" என்றுதான் கத்துகிறதாம். நமக்குத்தான் அந்தப் பேச்சு மறந்துபோயிற்று.