சவுக்காரத்தில் விழுந்த கோடுகள்

பறவைகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆம்பல் குளத்தின் மேற்குக் கரையில் ஒரு குருவி சவுக்காரம் போட்டு வந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, நீண்ட வால். அந்த வால் கிளறும்போது மட்டும்தான் அசையும், மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும். சுட்ட நத்தை ஓட்டின் சுண்ணாம்பையும் உவர்மண்ணையும் கரைத்து, தெளிந்த காரத் தண்ணீரில் இலுப்பை எண்ணெயை ஊற்றி, வாலால் கிளறும். கெட்டியானதும் கொட்டாங்கச்சியில் வார்த்து மறுநாள் தட்டினால், பால் நிறத்தில் கட்டி விழும். குளத்துப் பறவைகள் அத்தனையும் அதைத்தான் தேய்த்துக் குளித்தன.

அப்போதுதான் கிழக்குக் கரையில் தையல்சிட்டு குடிவந்தது. அதுவும் சவுக்காரம் போட்டது. போட்டதோடு நின்றதா? ஒவ்வொரு கட்டியையும் பச்சை இலையில் பொதிந்து, பஞ்சு நூலால் சுற்றித் தைத்துக் கொடுத்தது. அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கொக்கு நேரே மேற்குக் கரைக்கே வந்து நின்றது.

"பாரேன், என்ன அழகு! பிரிக்கவே மனசு வரல. இலையோடவே தேய்ச்சுக்கறேன்."

"இலை நுரைக்குதா, சவுக்காரம் நுரைக்குதா?" என்றது குருவி.

கொக்கு சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டது. குருவிக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? நேற்று வந்தவளுக்கு இவ்வளவு மவுசா என்று அன்று முழுக்க இரை இறங்கவில்லை அதற்கு.

ஒருநாள் கொண்டைக்குருவி சேதி கொண்டுவந்தது.

"மயிலம்மா மகளுக்குக் கல்யாணம். பொண்ணைக் குளிப்பாட்டச் சவுக்காரம் வேணும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு கட்டி போடுங்க. எது மாசுமறு இல்லாம இருக்கோ, அவங்கதான் இனிமே இந்தக் குளத்துக்குப் போடுவாங்க. மத்தவங்க கடையைக் கட்டிட வேண்டியதுதான்."

குருவி எண்ணெயை இருமுறை வடிகட்டியது. காரத் தண்ணீரை அடிமண்டி கலங்காமல் இறுத்தது. கிளற ஆரம்பித்தது. எதிர்க்கரையில் ஏதோ சிரிப்புச் சத்தம். யார் வந்திருக்கிறார்கள்? கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. மறுபடி கிளறியது. இலை கிழிக்கும் சத்தம். எந்த இலை, பூவரசா? எட்டிப் பார்த்தது. பாடுகிறாளே, பாட்டு வேறயா? நின்று கேட்டது.

மறுநாள் கொட்டாங்கச்சியைத் தட்டி, விழுந்த கட்டியைக் குருவி புரட்டிப் புரட்டிப் பார்த்தது. வெள்ளைக் கட்டியில் குறுக்கும் நெடுக்குமாகச் சாம்பல் நிறக் கோடுகள்!

எண்ணெயை முகர்ந்து பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்பை நாக்கில் வைத்துப் பார்த்தது. குறையில்லை. கொட்டாங்கச்சியில் ஒரு தூசி கூட இல்லை. அப்படியென்றால் இது அவள் வேலைதான்!

கட்டியைக் கவ்விக்கொண்டு கிழக்குக் கரைக்குப் பறந்தது. அங்கே தையல்சிட்டு தன் பொட்டலத்தைக் கொண்டைக்குருவியிடம் நீட்டிக்கொண்டிருந்தது. குருவி தன் கட்டியைக் கீழே போட்டது.

"அடிப்பாவி! என் சட்டியில என்னத்தடி போட்ட?"

"நான் உன் கரைப்பக்கமே வரலக்கா."

"வராமலா இத்தனை கோடு? என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நீ பூவும் இலையுமா மினுக்கறியா?"

சொன்ன வேகத்தில் பாய்ந்து, பொட்டலத்தின் தையலைக் கொத்திக் கிழித்தது. இலை விரிந்தது.

உள்ளே இருந்த கட்டியிலும் கோடுகள். குருவியின் கட்டியில் இருந்ததைவிட ஒன்றிரண்டு கூடுதல்.

குருவிக்கு முதலில் குளுகுளுவென்று இருந்தது. அப்புறம்தான் தையல்சிட்டின் முகத்தைப் பார்த்தது.

"என் சவுக்காரத்துல எப்பவுமே கோடு விழும்க்கா. நீ கிளறுற அழகைப் பார்த்துக்கிட்டே நின்னுடுவேன். கிளறாம நின்ன இடத்துல எல்லாம் எண்ணெயும் காரமும் சேராமப் பிரிஞ்சு கோடு விழுந்துடும். உன்னோடது மட்டும் பால் மாதிரி வரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதை மறைக்கத்தான் இலை தைச்சேன்."

குருவி தன் கட்டியைக் குனிந்து பார்த்தது. இந்தக் கோடு சிரிப்புச் சத்தம் கேட்டுக் கிளறாமல் நின்றபோது விழுந்தது. இது பூவரச இலைக்கு. இந்தத் தடித்த கோடு பாட்டுக்கு. அது வேறு யார் வேலையும் இல்லை. வெட்கம் தாங்காமல் அழுதது. ஈரக் கட்டியில் பட்ட இறக்கையாலேயே கண்ணைத் துடைத்தது. கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு இழுபட்டு, கழுவிக் கழுவியும் போகவில்லை.

கொண்டைக்குருவி இரண்டு கட்டியையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனது. கல்யாணப் பெண் வெறும் தண்ணீரில்தான் குளித்தாள்.

சவுக்காரம் போட்ட அந்த வாலாட்டிக் குருவி தண்ணீர் ஓரத்தில் நின்றாலும் நடந்தாலும் வாலை ஒரு நொடி கூட நிறுத்தாதது அன்று முதல்தான். தையல்சிட்டு இன்னும் இலையைத் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதற்குள் சவுக்காரம் வைப்பதில்லை, முட்டைதான். நம் வீட்டில் போடுகிற சவுக்காரத்திலும் எப்போதாவது கோடு விழுகிறது. எண்ணெயைக் குறை சொல்லுமுன், கிளறும்போது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.