சம்படத்தில் இருந்த போன்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தேழு. இப்படியும் அமைவது உண்டு.

குருவின் பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடியில், உப்பளத்துக்குத் திரும்புகிற ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சீடர் ஆறுமுகநயினார். வேலை பார்த்த மில் மூடிப்போனதும் அவளிடம் தொழில் கற்க வந்தவர். அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார். பாதி கேலி, பாதி நிஜம். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வந்த முதல் வாரமே கேட்டார்.

"வாத்தியாரம்மா, ஒரு போன் ரிப்பேருக்கு வந்தா முதல்ல எதைப் பாக்கணும்?"

அவள் ஒரு போனுக்குள் கிடந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்தாள். பதில் சொல்லவில்லை.

ஆறு மாசம் போயிற்று. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை லிங்கத்துரை வந்தார். உப்பளத்தில் காவல்காரர். பாத்திகளுக்கு நடுவே ஒரு குடிசை, அதில் அவர் ஒரு ஆள். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் இடுங்கியே இருக்கும். கைக்குட்டையில் சுற்றி ஒரு புதுப் போனை எடுத்து வைத்தார்.

"வாங்கி இருபத்தஞ்சு நாளுதான் ஆச்சு. காலையில நூறு காட்டும். மத்தியானம் செத்துப்போவுது."

நயினார் வாங்கிப் பார்த்தார். திரை வெளிச்சம் குறைவாகத்தான் இருந்தது. தேவையில்லாமல் எதுவும் பின்னால் ஓடவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது.

"அண்ணாச்சி, படம் கிடம் பாக்குதீயளா?"

"சீ! நமக்கு அதெல்லாம் போடத் தெரியாது."

"தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாக."

லிங்கத்துரைக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நயினார் தன் போனை எடுத்துக் காட்டினார். ஓரம் உடைந்த பழைய போன்.

"இதப் பாருங்க. ஒரு தடவை சார்ஜ் போட்டா நாலு நாள் நிக்கும். போனுன்னா இப்படி இருக்கணும்."

ஜெனிட்டா நிமிர்ந்து அந்தப் பழைய போனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

புதுப் போனைக் கடையிலேயே ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். நூறில் இருந்தது, சாயங்காலம் எண்பத்தஞ்சு. ஒரு குறையும் இல்லை என்று கொடுத்தனுப்பினார் நயினார். வியாழக்கிழமை லிங்கத்துரை திரும்ப வந்தார். மத்தியானம் செத்துவிட்டதாம்.

"இங்க இருந்தா நிக்குது, இவர்கிட்டப் போனா போயிருது. போனுக்கே இவரைப் பிடிக்கல போல," என்றார் நயினார்.

லிங்கத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்ணு வாங்கிக் குடுத்தது. சூரத்துல கட்டிக் குடுத்திருக்கு. என்கூட வந்து இருங்கப்பான்னு கூப்பிட்டா. மாட்டேன்னுட்டேன். கோவத்துல இதக் கையில திணிச்சுட்டு, தினம் மத்தியானம் கூப்பிடுவேன், எடுக்கணும்னு சொல்லிட்டு ரயில் ஏறினா."

"கூப்பிடுதாளா?" என்று கேட்டார் நயினார்.

"ஒரு நாளும் அடிக்கல."

"நீங்க போட்டுப் பாக்கலாம்லா?"

"கட்டிக் குடுத்த வீட்டுக்கு நாமளா எப்படிப் போடுறது? என்னமோ ஏதோன்னு பதறுவாக. மாமியார்காரி வேற இருக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "மருமகனோட தம்பி ஞாயித்துக்கிழமை சூரத்துக்குப் போறான். அவன் கையில போனத் திருப்பிக் குடுத்து விட்டுருவோம்னு இருக்கேன். சும்மா கிடக்கிற பொருள் எதுக்கு?"

ஜெனிட்டா வேலையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அய்யா, சனிக்கிழமை வாங்க. அளத்துல போனை எப்படி வச்சிருப்பீங்களோ, அப்படியே கொண்டு வாங்க. கைக்குட்டையில சுத்தக் கூடாது."

சனிக்கிழமை மத்தியானம் லிங்கத்துரை வந்தார். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடி இறுகியிருந்தது. வேட்டி நுனியால் பிடித்து முறுக்கித் திறந்தார். உள்ளே பழைய துண்டுத் துணி. அதற்குள் போன், அணைந்து.

"உப்புக்காத்து ஆணியைத் தின்னுது, பூட்டைத் தின்னுது. முன்னால இருந்த போனையும் தின்னுட்டு. இது பொண்ணு குடுத்தது. அதான் காலையில சார்ஜ் போட்டு எடுத்ததும் இதுல போட்டு மூடிருவேன். மணி அடிச்சா சம்படத்துக்குள்ளயே கேக்கும்லா?"

ஜெனிட்டா அந்தப் போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள்.

"அண்ணாச்சி, உங்க போனைக் குடுங்க."

நயினாரின் போனைச் சம்படத்தில் வைத்து மூடினாள். அதே மாதிரி இறுக்கி.

"உங்க நம்பர் சொல்லுங்க, போட்டுப் பாக்கேன்."

நயினார் யோசித்தார். தெரியவில்லை.

"யாருக்கும் குடுத்ததில்ல, பாத்துக்கிடுங்க. பின்மூடிக்குள்ள ஒரு காயிதத்துல எழுதி வச்சிருக்கேன்."

சம்படத்தைத் திறந்து, போனின் பின்மூடியைக் கழற்றி, நாலாக மடித்த காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ஜெனிட்டா அதைத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். தன் போனிலிருந்து அழைத்தாள். சம்படம் சும்மா இருந்தது. அவள் போனில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்றது.

ஜெனிட்டா சம்படத்தைத் திறந்து நயினாரின் போனை எடுத்துக் கொடுத்தாள். லிங்கத்துரை காலிச் சம்படத்தையே பார்த்தார்.

"உள்ள இருந்தா டவர் கிடைக்காது அய்யா. கிடைக்கலன்னு போன் சும்மா இருக்காது. தேடும். இன்னும் பலமாத் தேடும். மத்தியானத்துக்குள்ள அதுலயே சார்ஜ் எல்லாம் போயிரும்."

"நான் பத்திரமால்லா வச்சிருந்தேன்," என்றார் லிங்கத்துரை.

இதற்குள் சார்ஜில் இருந்த போன் உயிர் வந்து டிங் என்றது.

"இது ஒரு தொல்லை," என்றார் லிங்கத்துரை. "சாயங்காலம் வெளிய எடுத்துச் சார்ஜ் போட்டா, கம்பெனிக்காரன் இங்கிலீசுல மெசேஜா அனுப்புதான். அதையாவது நிறுத்திக் குடுங்க."

வந்த ஆளின் மெசேஜைத் தொடக் கூடாது என்பது கடை வழக்கம். அவரே சொன்னதால் நயினார் திறந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். விரல் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி, இது விளம்பரம் இல்ல. நீங்க எடுக்காத கால். எல்லாம் ஒரே நம்பரு. தினம் மத்தியானம் ஒரு மணி. சில நாள் மூணு தடவ."

"நம்பர் முடிவுல நாப்பத்தி ஏழா?"

"ஆமா."

லிங்கத்துரை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப?"

நயினார் தயங்கினார். "நாலு நாளா இல்ல."

வெளியே உப்பு லாரி ஒன்று போயிற்று. லிங்கத்துரை அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக் குடுங்க," என்று போனை வாங்கி ஜெனிட்டாவிடம் நீட்டினார்.

"நீங்களே அழுத்துங்க அய்யா," என்றாள் ஜெனிட்டா.

அழுத்தினார். மணி போனது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. அதுவும் அப்படியே. போனை மேசைமேல் மெல்ல வைத்தார். சம்படத்தை எடுத்து, துணியை மடித்து உள்ளே வைத்தார்.

அப்போது போன் அடித்தது.

அவர் பதறிப்போய்ச் சம்படத்துக்குள் தேடினார். ஜெனிட்டா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏட்டி," என்றார். அந்தப் பக்கத்துக் குரல் கடை முழுக்கக் கேட்டது. திட்டுதான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே போனார். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"சார்ஜ் போயிட்டு," என்றார் சின்னப் பிள்ளை மாதிரி. "கொஞ்சம் ஏத்திக் குடுங்க. நாளைக்கு ஒரு மணிக்குள்ள வேணும்."

ஏற்றிக்கொண்டு போனார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சம்படத்தை மறந்துவிட்டார்.

நயினார் தன் போனை எடுத்துப் பார்த்தார். புதன்கிழமை போட்ட சார்ஜ். இன்னும் நாற்பது இருந்தது. திருப்பிப் பார்த்தார். திரும்பவும் முன்பக்கம் பார்த்தார்.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க."

"எம் போன் நாலு நாள் நிக்குதே. ஒரு நாளும் அடிச்சதும் இல்ல. இதுல ஏதும் கோளாறு இருக்குமோ?"

ஜெனிட்டா கையில் இருந்த வேலையை வைத்தாள். தன் போனை எடுத்து ஒரே ஒரு தரம் தொட்டாள்.

நயினாரின் கையில் போன் நடுங்கியது. ஏதோ நாதஸ்வரம் மாதிரி ஒரு பாட்டு. அதில் அப்படி ஒரு பாட்டு இருப்பது அவருக்கே தெரியாது. போனைப் பார்த்தார். இரண்டு முழம் தள்ளி, தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"எடுங்க அண்ணாச்சி," என்றாள். "நான்தான்."