வேலியோடு நின்ற நடை

“நாற்பது நாள் நடந்தேன். முடிக்க முடியவில்லை” என்றார் ப்யோங்ஹோ.

பிக்குணி ஹேவோன் ஓடையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது. மூன்று வருடமாக அவரிடம் தியானம் பழகும் ப்யோங்ஹோ எழுபதைத் தாண்டியவர்.

“எங்கிருந்து நடந்தீர்கள்?”

“ஹான் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து. தைபெக் மலையில் ஒரு சுனை. பனிக்காலத்திலும் உறையாது. கீழே வந்தால் வடக்கிலிருந்து இன்னொரு கிளை வந்து சேர்கிறது. அப்புறம் சியோல். அத்தனை பெரிய ஊரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.”

“அப்புறம்?”

“கடலுக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. முள்வேலி வந்துவிட்டது. எதிர்க்கரை வட கொரியா. ‘இதற்கு மேல் யாரும் போகக்கூடாது ஐயா’ என்றான் சிப்பாய்.”

ப்யோங்ஹோ கரையில் உட்கார்ந்து, தோளில் தொங்கிய துணிமுடிப்பை மடியில் இறக்கி வைத்தார்.

உள்ளே அவருடைய அம்மாவின் அஸ்தி. கொரியப் போரின்போது எதிர்க்கரையிலிருந்து, கைக்குழந்தையாக இருந்த அவரைத் தூக்கிக்கொண்டு படகில் தப்பி வந்தவள். தொண்ணூற்றாறு வயதில், சாகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

‘எங்க ஊர்க் கரையில என்னைச் சேர்த்துடு.’

“கெஞ்சிப் பார்த்தேன்” என்றார் ப்யோங்ஹோ. “அந்தச் சிப்பாய்ப் பையனும் பாவம், அழுதுவிட்டான்.”

ஹேவோன் ஒரு முள்ளங்கி இலையைக் கிள்ளி ஓடையில் விட்டார்.

இலை மிதந்து போயிற்று. கொஞ்ச தூரத்தில் அந்த ஓடை அதே முள்வேலிக்கு அடியில் புகுந்து ஆற்றில் கலந்தது. இலையும் புகுந்தது.

“இது எந்தக் கரையில் ஒதுங்கும்?”

“என்னையா கேட்கிறீர்கள்?”

“ஆற்றின் நீர்மட்டத்தை முப்பது வருடம் அளந்தவர் நீங்கள்தானே?”

ப்யோங்ஹோ ஆற்றைப் பார்த்தார்.

“சொல்ல முடியாது. கடல் ஏறினால் ஆறு பின்னோக்கி வரும். இறங்கினால் திரும்பப் போகும். தினம் இரண்டு தடவை. அக்கரையைத் தொடும், இக்கரைக்கு வரும், மறுபடி அக்க…”

நிறுத்தினார்.

வேலிக்கு மேலாக வாத்துக் கூட்டம் ஒன்று போயிற்று.

ப்யோங்ஹோ குனிந்து காலணிகளைக் கழற்றினார். துணிமுடிப்பை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார்.

ஹேவோன் முள்ளங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஓடையில் கொஞ்சம் மேலே போய் உட்கார்ந்தார்.